பழைய சர்வே எண் 118/2

தணிகாசலம் பதினோரு வியாழக்கிழமை காவல் இருந்தது தப்பான கட்டடத்துக்கு. அது தெரியவந்தபோது மணி மூன்று இருபத்தொன்று. அதுவரை தெரியாது. தெரியாமல்தான் இரண்டரை மணி வெயிலில், செக்யூரிட்டி கூண்டுக்குப் பக்கத்தில் கிடந்த இரும்பு பெஞ்சில், மடியில் ஸ்பைரல் போட்ட புத்தகமும் கையில் போனுமாக உட்கார்ந்து, எதிரே லாரியில் ஏறிக்கொண்டிருந்த நாற்காலிகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

நீல நாற்காலிகள். காலுக்குச் சக்கரம் வைத்தவை. ஐம்பத்திரண்டு வரை எண்ணினார். அப்புறம் லாரிக்காரன் ஒன்றின் மேல் ஒன்றைக் கவிழ்க்க ஆரம்பித்ததில் கணக்கு விட்டுப்போயிற்று. கவிழ்த்த நாற்காலிகளின் சக்கரங்கள் காற்றில் தானாகச் சுற்றின. சனியன்கள். போன வாரம் ஒன்பதாம் மாடி காலி. இந்த வாரம் ஏழும் எட்டும். குடியிருப்பவன் போனால் வாடகை போகும், வாடகை போனால் மூன்று மாதத்துக்கொருமுறை வருகிற பங்கு போகும், பங்கு போனால் யூனிட் விலை போகும், விலை காலையிலேயே போய்விட்டது, போனில் சிவப்பாக நிற்கிறது. மூன்றரைக்குச் சந்தை மூடிவிடும். அதற்குள் விற்க வேண்டும். விற்றுவிட்டால் என்ன சொல்வது. விற்காவிட்டால் என்ன சொல்வது. இரண்டுக்கும் ஒரே கேள்விதான் வரும், அது என்ன கேள்வி என்பதும் தெரியும், அது வருகிற குரல்கூடத் தெரியும், கோபமே இல்லாத குரல், காய்க்காரனிடம் சில்லறை கேட்பது போல. போனைத் திறந்தார். திறந்தவுடன் அது மனைவி பேரைச் சொல்லி வணக்கம் வைத்தது. கணக்கு அவள் பேரில். நாற்பத்தொரு வருஷத்தில் அவர் ஒரு தடவைகூட வாயால் கூப்பிடாத பேரை ஒரு போன் தினம் பல்லை இளித்துக்கொண்டு கூப்பிடுவது அவருக்குப் பிடிக்கவில்லை. கட்டைவிரலால் மேலே தள்ளினார். சிவப்பு. இன்னும் கொஞ்சம் சிவப்பு.

"இன்னா ஓனரே, மொகம் செரியில்ல இன்னிக்கி?" என்றான் கூண்டுக்குள்ளிருந்து லூர்துசாமி. திண்டிவனத்துக்காரன். முதல் வியாழக்கிழமை வருகைப் பதிவேட்டில் 'யாரைப் பார்க்க' என்ற கட்டத்தில் இவர் 'கட்டடத்தை' என்று எழுதியதைப் பார்த்த நாளிலிருந்து ஓனர் என்றுதான் கூப்பிடுகிறான். பெஞ்சில் உட்கார விடுகிறான், அதற்காகப் பொறுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. "எதுக்குய்யா காலி பண்றானுங்க?" என்றார். "எனக்கின்னா தெரியும்? எல்லாம் வூட்லேந்தே வேல பாக்கறானுங்களாம். நாற்காலிதான் ஒழுங்கா ஆபீசுல இருந்துச்சு. இப்ப அதுவும் வூட்டுக்குப் போவுது." "வேற ஆள் வருதா?" "நல்லாக் கேட்டீங்க போங்க. ஓனர் நீங்க கேக்கறீங்க, கேட் தொறக்கறவன் நான் சொல்லணும்." சிரித்தான். இவர் சிரிக்கவில்லை. முப்பத்தாறு வருஷம் பத்திரம் எழுதியவனைப் பார்த்து ஒருத்தன் ஓனர் என்று சிரிக்கிறான்.

முப்பத்தாறு வருஷம். சார்பதிவாளர் ஆபீஸ் வாசலில், புங்கமரத்தடி மேஜையில். எத்தனை ஆயிரம் பத்திரம். கிழக்கே இன்னார் நிலம், மேற்கே இன்னார் மனை, தெற்கே பொதுவழி, வடக்கே வாய்க்கால், இந்த நான்கு எல்லைக்குள் இருப்பதுதான் சொத்து, செக்குபந்தி இல்லாதது சொத்தே கிடையாது. மற்றவர்கள் வெற்றிலையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்த இடத்தில் எழுதுவார்கள். தணிகாசலம் போய் நின்று பார்த்துவிட்டு எழுதுவார். சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் நான்கு மூலையிலும் நிற்பார். அந்தப் பேர் இருந்தது அவருக்கு. இதோ இந்தக் கட்டடம் நிற்கிற இடத்துக்கே எண்பத்தெட்டில் கிரையப் பத்திரம் எழுதியிருக்கிறார், அப்போது வயல், வேலங்குப்பட்டு கிராமம், சர்வே எண் 118/2, மேற்கே கால்வாய். விற்றவள் ஒரு பொம்பளை, நாற்று நட்டு நட்டு அவள் பெருவிரலில் ரேகையே இல்லை. மை தடவி நான்கு தடவை அழுத்தினார். நான்கு தடவையும் வெறும் கறுப்பு வட்டம். சார்பதிவாளர் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு பார்த்து, "இது விரலா, புளியங்கொட்டையா?" என்றார். அவளும் சிரித்தாள். ரேகையே இல்லாத விரலை வைத்து அவள் விற்றாள். இப்போது இவர் விரல் இருக்கிறது, அழுத்த வேண்டியதுகூட இல்லை, இடமிருந்து வலமாகத் தள்ளினால் போதும், விற்றுப்போகும். நூலக மாடியில் இலவச வகுப்பு எடுத்த பெண் அப்படித்தான் காட்டினாள். ரீட் என்றாள். பெரிய பெரிய ஆபீஸ் கட்டடங்களை ஒரு அறக்கட்டளை வாங்கி வைத்து, நம் மாதிரி ஆட்களுக்கு யூனிட் யூனிட்டாகக் கொடுக்கும், வருகிற வாடகையில் செலவு போக நிற்பதில் நூற்றுக்குத் தொண்ணூறு நமக்குப் பிரித்தே ஆகவேண்டும், சட்டம். நல்ல சட்டம்தான். கையைத் தூக்கினார். "செக்குபந்தி என்னம்மா?" அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை. "என் யூனிட்டுக்கு கிழக்கே யாரு, மேற்கே யாரு?" என்றார். பின்பெஞ்சில் எவனோ, "கிழக்கே நான் சார், மேற்கே என் மச்சான்" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். அந்தப் பெண் சிரிக்காமல், "நீங்க கட்டடத்தைப் போய்ப் பாக்கவே வேணாம் சார், அதான் இதுல சௌகரியம்" என்றாள். பார்க்கவே வேண்டாமாம். சௌகரியமாம். அந்த ஒரு வார்த்தை தொண்டையில் மீன்முள் மாதிரி நின்றது. அதற்கப்புறம் அவள் எழுதிப் போட்ட எதுவும் காதில் ஏறவில்லை. விலை ஏறுவது, இறங்குவது, எந்தத் தேதியில் பெயர் இருந்தால் பங்கு வரும் என்பது, எல்லாம் நோட்டில் எழுதினார், வீட்டுக்கு வந்து மனைவியிடம் ஒப்பித்தார், மறந்தார். பார்க்க வேண்டாம் என்பது மட்டும் நின்றது.

பார்க்காமல் வாங்கியவன் தானே நான். ஒரே ஒரு தடவை. தொண்ணூற்று நான்கு, ஆடி கழிந்து முதல் முகூர்த்த நாள், மேஜையில் பதினோரு பத்திரம், சார்பதிவாளர் மூன்று மணிக்குக் கிளம்புகிறார். புரோக்கர் வரைபடத்தை விரித்தான். படத்தில் ரோடு இருந்தது, பூங்கா இருந்தது. ஊருக்கெல்லாம் போய் நின்று பார்த்துவிட்டுத் தனக்கு மட்டும் உட்கார்ந்த இடத்திலேயே எழுதினார். தன் கையாலேயே. நான்கு எல்லையும் அழகாக. ஐப்பசியில் பூஜைக்குச் செங்கல் எடுத்துக்கொண்டு அவளையும் பெண்ணையும் கூட்டிக்கொண்டு போனார். மனை இருந்த இடத்தில் தண்ணீர். கிழக்கே தண்ணீர், மேற்கே தண்ணீர். இரண்டு நாரை நின்றுகொண்டிருந்தன, பூங்காவில். ஏரிப் புறம்போக்கு. செங்கல்லைக் கீழே வைக்கவும் இடமில்லை, கையில் வைத்திருக்கவும் முடியவில்லை. அவள் தண்ணீரைப் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தார். அழுதிருக்கலாம். "போய் நின்னு பாத்தீங்களா?" என்றாள். அவ்வளவுதான். அன்றிலிருந்து அதுதான். கத்தரிக்காய் வாங்கி வந்தால், "போய் நின்னு பாத்தீங்களா?" அடுப்பு மாற்றினால் அதே. பெண்ணுக்கு வரன் வந்தபோது பையன் வேலை செய்கிற ஆபீஸ் பேரைச் சொன்னார். "போய் நின்னு பாத்தீங்களா?" போனார், வேலூர் வரை போய் நின்று பார்த்தார், பஸ்ஸில் திரும்பும்போது ஆத்திரமாக வந்தது. அடுத்து வாங்கிய வீட்டை அவள் பேரில் எழுதினார். அவள் கேட்கவில்லை. தனக்குத் தானே போட்டுக்கொண்ட அபராதம். அதற்கும் அதைத்தான் கேட்டாள். போன வருஷம் ரோட்டை அகலப்படுத்துகிறேன் என்று அந்த வீட்டின் முன்னறையை இடித்தார்கள். நஷ்ட ஈடு அவள் வங்கிக்கணக்கில் வந்து விழுந்தது. இடித்த சுவருக்குப் பின்னால் தகரத்தைச் சாய்த்து வைத்துக்கொண்டு, ரோட்டுப் புழுதியில் உட்கார்ந்து புளி உருண்டை பிடித்துக்கொண்டே சொன்னாள்: "என்ன செய்யணுமோ நீங்களே செய்யுங்க. எனக்கு இன்னொரு தடவ தண்ணிய காட்டாதீங்க."

தண்ணீர். கழுத்தைத் துடைத்தார். பாட்டிலில் இருந்தது சுட்டது. லாரி ஒன்று போய் இன்னொன்று பின்பக்கமாக வந்தது, பீப் பீப் என்று. மணி மூன்று ஐந்து. புத்தகத்தைத் திறந்தார். அறக்கட்டளைக்காரர்கள் அனுப்பியதை கம்ப்யூட்டர் கடையில் அச்செடுத்து ஸ்பைரல் போட்டது, காகிதத்தில் இல்லாததை அவருக்குப் படிக்க வராது. ஒன்பது கட்டடம். எட்டு வெளியூர். பெங்களூர், புனே, ஹைதராபாத். போய் நிற்க முடியாது. ஒன்றுதான் இங்கே. அது இருக்கிற பக்கத்தில் கலர்ப்படம், பேர், மாடிக் கணக்கு என்று என்னென்னவோ போட்டிருந்தான், அதெல்லாம் அவருக்கு எதற்கு, படத்தைக் காட்டித்தானே தொண்ணூற்று நான்கில் ஏமாற்றினான். பேரை எவன் வேண்டுமானாலும் எழுதி மாட்டிக்கொள்வான். கடைசியில் பொடி எழுத்தில் இருந்தது, வாங்குவதற்கு முன்னால் அதைத்தான் தேடிப் பிடித்தார்: வேலங்குப்பட்டு கிராமம், சர்வே எண் 118/2. அட, நம்ம வயல். அன்றைக்கு அவர் உடம்பில் ஏதோ சூடாக ஓடியது. வரைபடம் வேண்டாம், யாரையும் கேட்கவும் வேண்டாம், கண்ணைக் கட்டிவிட்டால்கூடப் போவார். பஸ் பிடித்து வந்தார், கால்வாய்க்குக் கிழக்கே இறங்கி நடந்தார், வயல் இருந்த இடத்தில் இது நின்றது, கண்ணாடியும் கம்பீரமுமாக. கழுத்தில் பட்டைக்கயிறு மாட்டிய பிள்ளைகள் ஈசல் மாதிரி உள்ளே போனார்கள். நான்கு மூலையிலும் போய் நின்றார். மறுநாள் நஷ்ட ஈட்டுப் பணத்தில் யூனிட் வாங்கினார். அவளிடம் சொல்லவில்லை போய்ப் பார்த்ததை. வைத்திருந்தார். முதல் பங்கு வரட்டும், அப்போது கேட்பாள், அப்போது சொல்லலாம், நின்னு பாத்தேன்டி, பதினோரு வாரம் நின்னு பாத்தேன். வியாழக்கிழமைதோறும் பழைய ஆபீசுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு இங்கே வந்தார். முதல் மூன்று வாரம் நன்றாகத்தான் இருந்தது. நாலாவது வாரம் மேலே இரண்டு மாடியில் ஜன்னலுக்குத் திரை இல்லை. ஆறாவது வாரம் கேன்டீன் மூடியது. கண்ணெதிரே ஒரு பல் ஒரு பல்லாக விழுகிறது, வாயை மூடிக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது. பார்க்க முடிந்த ஒன்றே இப்படி என்றால் பார்க்க முடியாத எட்டும் எந்த லட்சணத்தில் இருக்கும்? போய் நின்று பார்த்தாயிற்றே. பார்த்தும் இப்படி. அவளிடம் போய் என்ன சொல்ல, பார்க்காததுக்கும் தண்ணீர், பார்த்ததுக்கும் தண்ணீர் என்றா?

மூன்று பதினாறுக்கு விற்பதென்று முடிவு செய்தார். முடிவு செய்ததே பெரிய நிம்மதி. விற்பனைப் பொத்தானைத் தொட்டார். யூனிட் எண்ணிக்கையைக் கேட்டது, எல்லாம் என்று போட்டார். கட்டைவிரலால் இடமிருந்து வலமாகத் தள்ளினார். போகவில்லை. சொத்துக்கு உடையவரின் போனுக்கு ஆறு இலக்க எண் அனுப்பியிருக்கிறோம், அதை எழுது என்றது. உடையவர். சனியனே. இதை அந்தப் பெண் சொல்லியிருப்பாள், அப்போது இவர் மீன்முள்ளோடு உட்கார்ந்திருந்திருப்பார். நஷ்டத்தோடு விற்பதை ரகசியமாகச் செய்யக்கூட வழியில்லை. அவளைக் கூப்பிட வேண்டும். கூப்பிட்டார். நான்கு தடவை மணி அடித்த பிறகு எடுத்தாள். பின்னால் ரோட்டு இரைச்சல், குக்கர்.

"உன் போன்ல ஒரு நம்பர் வந்திருக்கும். படி."

"எந்த நம்பரு?"

"ஆறு எண்ணு. சீக்கிரம்."

"இருங்க, கண்ணாடி... வந்திருக்கு. யாருக்கும் சொல்லாதீங்கன்னு போட்டிருக்கானே."

"நான் யாரோவாடி?"

"எதுக்குன்னு சொல்லுங்க."

"விக்கறேன்."

குக்கர் ஒரு விசில் அடித்து ஓய்ந்தது. வரப்போகிறது என்று தெரியும். பல்லைக் கடித்துக்கொண்டார்.

"போய் நின்னு பாத்தீங்களா?"

"நின்னுக்கிட்டுத்தான் இருக்கேன்!" என்று கத்தினார். லூர்துசாமி கூண்டிலிருந்து தலையை நீட்டினான். "பதினோரு வாரமா நிக்கறேன். வெயில்ல. நாய் மாதிரி. காலி பண்றான், கண்ணால பாக்கறேன். ஏழு, எட்டு, ஒம்பது."

"வியாழக்கெழம ஆபீசுக்குப் போறேன்னதெல்லாம் அங்கதானா?" அவள் குரலில் ஏதோ ஒன்று இறங்கியது. கோபமில்லை. என்னவென்று பார்க்க நேரமில்லை. "வாசல்ல என்ன பேரு போட்டிருக்கு?"

"பேரு எதுக்கு உனக்கு? நம்பர படி."

"படிக்கறேன். பேர சொல்லுங்க."

நிமிர்ந்தார். கட்டடத்தின் நெற்றியில் ஆள் உயரத்துக்கு எழுத்து. பதினோரு வாரமாக அதன் கீழேதான் உட்கார்ந்திருக்கிறார். ஒரு நாள் படித்ததில்லை. "வான்மதி டவர்ஸ்."

"எத்தன மாடி?"

"பன்னெண்டு."

"நம்மளுது எட்டு மாடிங்க. கடம்பம் பார்க்குனு பேரு. படம் போட்டிருக்கான். என் போனுக்குத்தானே மொதல்ல வந்துச்சு அந்தப் புஸ்தகம், மத்தியானத்துல படுத்துக்கிட்டே பாப்பேன். முன்னால ஒரு நீரூற்று இருக்கு. உங்க எதிர்ல நீரூற்று இருக்கா?"

லாரி இருந்தது. "வெல எறங்கியிருக்கே," என்றார்.

"பங்கு பிரிக்கற தேதி வந்தா அந்த அளவுக்கு வெல எறங்கும்னு கிளாஸ்லேந்து வந்து சொன்னது யாரு? நீங்கதான். காலையில மெசேஜ் வந்துச்சு, அடுத்த வாரம் கணக்குல போடறானாம். சாயங்காலம் சொல்லலாம்னு இருந்தேன். நம்பரு சொல்லட்டுமா? அஞ்சு நிமிஷத்துல செத்துடுமாம்."

கேட்டாள். உண்மையாகவே கேட்டாள். வேண்டுமென்றால் சொல்லிவிடுவாள், ஆறு எண்ணையும் ஒவ்வொன்றாக, அது அவள் பணம், அதையும் கொடுத்துவிடுவாள். போனை எடுத்துப் பார்த்தார். மூன்று இருபத்தொன்று. "வேணாம்," என்றார்.

"செரி. வர வழியில போய் நின்னு பாத்துட்டு வாங்க," என்று வைத்துவிட்டாள்.

"கடம்பம் பார்க் எங்கய்யா?" என்று கேட்டார். லூர்துசாமி எழுந்துகூட வரவில்லை, கூண்டுக்குள்ளிருந்தே கையைக் காட்டினான். "தோ, கால்வாய்க்கு அந்தாண்ட. அங்க பார்க்கிங்கே கெடைக்காது ஓனரே, அவ்ளோ கூட்டம்." கால்வாய்க்கு மேற்கே. எட்டு மாடி, வெயிலில், ஜன்னலெல்லாம் திரை. மேற்கே. அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது. மறு அளவை. இரண்டாயிரத்து மூன்றில் இந்தக் கிராமம் முழுக்க மறு அளவை செய்து எண்ணையெல்லாம் மாற்றினார்கள். கிழக்கே இருந்த 118/2 அறுபத்துநாலாகிவிட்டது. மேற்கே வேறு எதுவோ 118/2 ஆனது. எவன் சொல்ல வேண்டும் இதை அவருக்கு? 'பழைய சர்வே எண் 118/2, புதிய சர்வே எண் 64' என்று அவரே எத்தனை பத்திரத்தில் எழுதியிருப்பார். இந்தக் கையால். தெருவில் போகிற எந்தப் பொடியனும் வாசலில் இருக்கிற பேரைப் படித்துச் சரியாகப் போயிருப்பான். நம்பரை நம்பிப் போனது ஊரிலேயே இவர் ஒருத்தர்தான். பதினோரு வாரம் எவன் நாற்காலிக்கோ வயிறு எரிந்தார். சந்தோஷப்பட வேண்டும். பணம் இருக்கிறது, பங்கு வருகிறது, ஜன்னலுக்குத் திரை இருக்கிறது. சந்தோஷம் வரவில்லை. ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், இதுவே நம் கட்டடமாக இருந்து தொலைந்திருக்கலாம், காலியாகவே போயிருக்கலாம், நின்று பார்த்தது சரி என்றாவது ஆகியிருக்கும் என்று தோன்றியது. தோன்றியதைக் கண்டு அவருக்கே அருவருப்பாக இருந்தது. அவள் படுத்துக்கொண்டு பார்த்திருக்கிறாள். மத்தியானத்தில். தகரத்துக்குப் பின்னால், ரோட்டுப் புழுதியில், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, படத்தையும் பேரையும். இவரிடம் ஒன்றும் கேட்காமல். முப்பது வருஷமாக அந்தக் கேள்வி கேட்டது இவரைக் குத்துவதற்கு என்றுதான் நினைத்திருந்தார். போய்ப் பார்த்திருக்கிறாரா என்று தெரிந்துகொள்வதற்காகவும் கேட்டிருக்கலாம். வெறுமனே. காய்க்காரனிடம் கேட்பது போல.

மூன்றரை ஆனது. போனில் ஒன்றும் அசையாமல் நின்றது. புத்தகத்தை மூடிப் பைக்குள் வைத்தார். எழுந்தபோது முழங்கால் கிறீச்சென்றது. வருகைப் பதிவேட்டில் வெளியேறிய நேரம் போட்டார், 'யாரைப் பார்க்க' கட்டத்தில் எழுதியிருந்த 'கட்டடத்தை' என்பதை ஒரு கோடு போட்டு அடித்தார். அடித்தால் ஓரத்தில் கையெழுத்துப் போட வேண்டும், பழக்கம். போட்டார்.

"அப்ப இது உங்களுது இல்லியா ஓனரே?" என்றான் லூர்துசாமி. பாவமாகத்தான் கேட்டான்.

"இல்ல."

"இத்தினி நாளு கழிச்சு யாரு கண்டுபுடிச்சது?"

"வூட்ல."

"வூட்லன்னா? புள்ளயா, மருமவனா?"

தணிகாசலம் பையைத் தோளில் மாட்டினார். கால்வாய்ப் பக்கம் பார்த்தார். அந்தப் பேரைப் பத்திரத்தில் எழுதிக் கை பழகியிருந்தது, வாய் பழகவில்லை.

"மங்கையர்க்கரசி," என்றார்.